கேன் டீசல் ஊற்றுவதை நிறுத்துங்கள், பம்பு தாங்காது

மாதவரத்தில் டீசல் பம்பு, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் வேலை பார்க்கிறவன் நான். போன வாரம் ஒரு பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பம்புக்குள் போகிற டீசலை அளந்து விடுகிற மீட்டரிங் வால்வைக் கழற்றினால் அதன் வலையில் பொடிப்பொடியாக இரும்புத்தூள். டேங்கில் இருந்த எண்ணெய்க்கு டீசல் வாசனையே இல்லை. எங்கே அடித்தாய் என்று கேட்டதற்கு ஓட்டுகிற தம்பி முதலில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்க் பெயரைச் சொன்னார், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு "கேன்ல வாங்கினதுண்ணா" என்றார், பங்க்குக்கு வெளியே யாரோ மலிவாக விற்கிறது. வண்டிக்குக் கடன் டியூ இன்னும் முடியவில்லை. இதே பதிலை இந்த வருடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

டீசல் விலை வலிக்கிறது, அது எனக்கும் தெரியும். 2014 அக்டோபரில் அரசு விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் மாறும் என்று ஆனது. 2022 ஏப்ரலில் சென்னையில் லிட்டர் மீண்டும் 100 ரூபாயைத் தாண்டியது, மே மாதம் கலால் வரியில் 6 ரூபாய் குறைத்தார்கள், 2024 மார்ச்சில் இன்னொரு 2 ரூபாய் குறைந்தது. ஜிஎஸ்டியிலும் டீசல் இல்லை, அதனால் சொந்தமாக ஒரு வண்டி வைத்துக் காசிமேட்டிலிருந்து மீனும் செங்குன்றத்திலிருந்து அரிசி மூட்டையும் ஏற்றுகிறவருக்கு டீசலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழி கிடையாது. வாடகையை மட்டும் ஏற்றிக் கேட்டால் பக்கத்து வண்டிக்காரர் பழைய ரேட்டுக்கே வருகிறார் என்பார்கள். இந்த நெருக்கடியில் ஒருவர் வந்து லிட்டருக்கு 15 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் கை நீளத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கேனில் இருப்பது என்ன? படகுக்கு வரிவிலக்கில் கொடுக்கிற டீசல் என்பார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் மீனவருக்கு உரியது, நீங்கள் வாங்குவது குற்றம். என் மேஜைக்கு வருகிறவற்றில் பல அதுகூட இல்லை. மண்ணெண்ணெய் கலந்தது, கம்பெனிகளில் பயன்படுத்துகிற மெல்லிய எண்ணெய், இல்லையென்றால் "பயோ டீசல்" என்று பெயர் சூட்டிய ஏதோ ஒன்று. பங்க் டீசலுக்குத் தர நிர்ணயம் இருக்கிறது, யாரைக் கேட்கலாம் என்றும் இருக்கிறது. கேனுக்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில்தான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. "அண்ணே, எங்கப்பா டாடா 407-ல மண்ணெண்ணெய் கலந்துதான் ஓட்டினார், இருபது வருஷம் ஒண்ணும் ஆகல." சரி, ஓட்டினார். அந்தப் பழைய இன்லைன் பம்பின் அடிப்பகுதிக்கு மசகு எஞ்சின் ஆயிலிலிருந்து போனது. உள்ளே போகிற டீசல் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் கேம் ஷாஃப்ட் ஆயிலில் நனைந்தபடியே சுற்றிக்கொண்டிருந்தது. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரே குழாயில் (அதுதான் ரெயில்) டீசலை அழுத்தி வைக்கிற இப்போதைய காமன் ரெயில் வண்டிகளில் பெரும்பாலும் ஹை பிரஷர் பம்புக்குத் தனி ஆயில் கிடையாது. டீசல்தான் அதற்கு எரிபொருள், டீசல்தான் அதற்கு மசகு. வேலை செய்கிற அழுத்தம் 1,600 பார் அளவில் இருக்கும், உங்கள் டயரில் இருப்பது நாலைந்து பார். உள்ளே உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் இருப்பது சில மைக்ரான் இடைவெளி. அந்த இடத்தில் மண்ணெண்ணெயை விட்டால் அதற்கு வழுவழுப்பு போதாது, உலோகம் உலோகத்தைத் தேய்க்கிறது, தேய்ந்த தூள் ரெயிலுக்குப் போகிறது, அங்கிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகிறது, மிச்சம் ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்கே திரும்புகிறது. அதனால்தான் பம்பை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று யார் கேட்டாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை. தூள் உள்ளே இருக்கும்வரை புதுப் பம்பும் அதே வழிதான் போகும்.

தொழில்காரன் என்ற முறையில் இன்னொன்று. 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்தபோது டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. கந்தகத்தை எடுக்கிற வேலையில் டீசலின் இயல்பான வழுவழுப்பும் போய்விடும், அதை ஈடுகட்ட ஆலைகளில் தனியாக மருந்து சேர்க்கிறார்கள், தேய்மானச் சோதனையில் விழுகிற தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று தரமே இருக்கிறது. கேன்காரர் இதில் எதைச் சோதித்தார்? சைலன்சரில் டிபிஎஃப், அதாவது கரியைப் பிடிக்கிற வடிகட்டி, உள்ள வண்டி என்றால் கந்தகம் கூடிய எண்ணெயில் அதுவும் அடைத்துக்கொள்ளும். வாரண்டியைக் கேட்கவே வேண்டாம்.

கணக்கு வேண்டுமா? ஒரு நாளைக்கு 10 லிட்டர் ஓடினால் மிச்சம் 150 ரூபாய், மாதத்தில் 26 நாள் ஓட்டினால் நாலாயிரத்துக்குள். மண்ணெண்ணெய் டீசலைவிட லேசானது, லிட்டருக்கு வெப்பமும் குறைவு, மைலேஜ் இறங்கி அதிலும் ஒரு பங்கு போய்விடும். பம்பு, இன்ஜெக்டர், ரெயில், டேங்க் சுத்தம் என்று மொத்தமாகப் பார்த்தால் வண்டியைப் பொறுத்துச் செலவு ஒரு லட்சத்தைத் தொடும். வண்டி நிற்கிற நாட்களின் வாடகை தனி.

டீசலை மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எஞ்சினை அணையுங்கள், சும்மா ஓடுகிற எஞ்சின் மணிக்கு அரை லிட்டருக்கு மேலும் குடிக்கும். திரும்ப ஸ்டார்ட் செய்தால்தான் அதிகம் குடிக்கும் என்பது பொய். மூலக்கடை மேம்பாலத்தில் இறங்கும்போது நியூட்ரலில் விடாதீர்கள், கியரில் இருக்க ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குச் செலவாகிறது, பிரேக்கும் தேய்கிறது. டயர் காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். ஓவர்லோடு ஏற்றாதீர்கள், ஏற்றச் சொல்கிற முதலாளி பம்புக்குக் காசு தரமாட்டார்.

பங்கிலேயே சந்தேகம் வந்தால் அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், 5 லிட்டர் முத்திரை அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. கேட்பது உங்கள் உரிமை. ஃபில்டர் பேப்பர் சோதனை பெட்ரோலுக்கு உரியது, டீசலுக்கு அதைக் கேட்டு ஏமாறாதீர்கள். பில் வாங்கி வையுங்கள். மழைக்காலத்தில் ஃபில்டருக்கு அடியில் சேர்கிற தண்ணீரை வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள், தெருவில் தண்ணீர் நின்ற இடத்தில் வண்டி இருந்தால் அன்றைக்கே.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து, சாவியைத் திருப்பாதீர்கள். ஓட்டித் தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், நல்ல டீசலை மேலே ஊற்றினால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். வண்டியை நின்ற இடத்திலேயே விட்டு மெக்கானிக்கை அழைத்து டேங்கை முழுக்க இறக்கச் சொல்லுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள், மீட்டரிங் வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் தூள் இல்லையென்றால் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். என்ன ஊற்றினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், திட்டமாட்டோம், அது தெரியாமல் தேடினால் உங்களுக்குத்தான் கூலி ஏறும்.