உம்கேனி எவ்வளவு தாங்கும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ப்ளூ லகூன் பக்கம் நின்றால் உம்கேனி ஆறு கடலில் கலப்பதைப் பார்க்கலாம். பெரிய மழைக்கு மறுநாள் போனால் தண்ணீர் பால் டீ நிறத்தில், பிளாஸ்டிக் பாட்டில்களையும் முறிந்த நாணலையும் இழுத்துக்கொண்டு வரும். இங்கே குடியேறிய நம் இந்தியர்களின் வாழ்க்கை இந்த ஆற்றோடு பின்னியது. இதன் கரையில் ஸ்ப்ரிங்ஃபீல்ட் சமவெளியில் எத்தனையோ குடும்பங்கள் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தன. 1917 அக்டோபர் வெள்ளத்தில் மாரிமுத்து படவட்டனும் இன்னும் ஐந்து பேரும் படகில் போய் 176 பேரைக் காப்பாற்றியதும் இங்கேதான். அதனால் "கழிவுநீரில் இவ்வளவு மாசுதான் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்களே, அப்புறம் ஏன் ஆறு நாறுகிறது?" என்று யாராவது கேட்டால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

எல்லாரும் வரம்பை மதிப்பதில்லை என்பது ஒரு பதில். 2022ஆம் ஆண்டின் கிரீன் டிராப் என்ற அரசு அறிக்கை, தென்னாப்பிரிக்காவில் 995 கழிவுநீர் அமைப்புகளைப் பார்த்து, அவற்றில் 334 படுமோசமான நிலையில் இருப்பதாகச் சொன்னது. ஆனால் எல்லாரும் மதித்தாலும்கூட ஆறு கெடலாம். பலருக்கும் பிடிபடாத இடம் இதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சுத்திகரிப்பு நிலையம் தினமும் 6 கோடி லிட்டர் விடுகிறது, பாசிக்கு உணவாகும் பாஸ்பரஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை அனுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வரம்பைத் துளியும் மீறாமலே ஒரு நாளைக்கு 60 கிலோ பாஸ்பரஸ் ஆற்றில் இறங்கிவிடும். குளிர்காலத்தில் மழை இல்லை, ஆற்றில் நொடிக்கு 2 கன மீட்டர்தான் ஓடுகிறது, அதாவது நாளைக்கு சுமார் 17 கோடி லிட்டர். நிலையத்துத் தண்ணீரையும் சேர்த்தால் 23 கோடி. பாசி மண்டாமல் இருக்க லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றால், அந்த ஆறு தாங்குவது 12 கிலோவுக்கும் குறைவு. வருவதோ 60. ஊர் பெருத்து, கழிவுநீர் இரண்டு மடங்கானால் அதே 1 மில்லிகிராம் 120 கிலோவாகிவிடும், அப்போதும் காகிதத்தில் ஒரு மீறலும் இருக்காது!

அதனால் கணக்கை ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும். இந்த ஆறு நாளொன்றுக்கு எவ்வளவு மாசு தாங்கும் என்று பார்த்து, பாதுகாப்புக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தை ஆலை, நகரம், பண்ணை என்று பங்கு போட வேண்டும். அமெரிக்காவின் 1972 தூய நீர்ச் சட்டத்தில் இந்த முறை இருக்கிறது. நம் நாட்டின் 1998 தேசிய நீர்ச் சட்டமும் முக்கியமான ஆறுகளுக்குத் தரக் குறிக்கோள் வகுக்கச் சொல்கிறது.

பங்கு போடும்போதுதான் சிக்கல். குழாய் வழியே வருவதை அளக்கலாம், உரிமம் கொடுக்கலாம். குழாயே இல்லாமல் வருவதை என்ன செய்வது? மாட்டுப் பண்ணையிலிருந்து மழையோடு வழிவது, கழிவறை வசதி இல்லாத குடியிருப்புகளிலிருந்து வருவது, எல்லாவற்றுக்கும் மேலாக உடைந்த சாக்கடைக் குழாய்கள். இதே ஆற்றின் மேல்பகுதியில், மிட்மார் அணைக்கு மேலே எம்போபொமேனி என்ற ஊரில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களே தெருத்தெருவாக நடந்து எந்த மேன்ஹோல் பொங்குகிறது என்று குறித்துத் தகவல் கொடுத்தார்கள். எனக்கு இது பெரிய வேலையாகவே படுகிறது, ஏனென்றால் பொங்கி வழிகிற மேன்ஹோலுக்கு எந்த உரிமமும் கிடையாது, எந்த வரம்பும் அதைத் தொடாது. இந்த ஆற்றில் வந்து முடியும் டூசி படகுப் போட்டிக்குப் போகிறவர்கள் அழுக்குத் தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்குக்கு 'டூசி கட்ஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனின் சுத்திகரிப்பு நிலையங்களையும் பம்ப் நிலையங்களையும் உடைத்தபோது, கழிவுநீர் நேராக ஆற்றில் இறங்கி, கடற்கரைகளையே மூட வேண்டியதாயிற்று.

இன்னொன்று, பொறுமை வேண்டும். இதே ஆற்றில் கீழே இருக்கும் இனாந்தா அணையில் ஆகாயத்தாமரை படர்கிறதே, அதற்கு உணவு இன்று வந்த பாஸ்பரஸ் மட்டும் இல்லை. பல வருஷமாக அடிச் சேற்றில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும் பாஸ்பரஸ், அடித் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் கழன்று மேலே வரும். மேலிருந்து வரவை நிறுத்தினாலும் அணை உடனே தெளியாது.

சரி, தெளிகிறதா என்று எப்படித் தெரியும்? தண்ணீரில் வாழும் சிற்றுயிர்களை வைத்து ஆற்றுக்கு மதிப்பெண் போட, மினிசாஸ் என்று இங்கேயே உருவான ஒரு முறை இருக்கிறது, வலையும் ஒரு தட்டும் போதும், பள்ளிப் பிள்ளைகளே செய்கிறார்கள். போன வருஷம் நானும் ஒரு ஓடையில் கல்லைப் புரட்டிப் பார்த்தேன். மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு ஒன்று, நகக்கண் அளவுதான், வயிற்றின் இரு பக்கமும் இறகு மாதிரி செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. பூச்சி, புழு, நத்தை என்று 13 வகைகளுக்கு மதிப்பெண் உண்டு: அழுக்கே ஆகாத ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சிக்கு 17, எதையும் தாங்கும் மண்புழு வகைக்கு 2. கண்ட வகைகளின் சராசரிதான் ஆற்றின் மதிப்பெண். பொங்குகிற ஒரு மேன்ஹோலைச் சரிசெய்த பிறகு, சில மாதம் விட்டு அதே இடத்தில் அதே மாதிரி கல்லைத் திரும்பப் புரட்ட வேண்டும். அந்த ஓடையில் எனக்கு ஸ்டோன்ஃப்ளை இன்னும் கிடைக்கவில்லை. இந்தக் குளிர்காலத்தில் மறுபடி போகிறேன்.