ஓவிய ஆல்பம் போட்டால் கன்னிமாராவுக்கு ஒரு பிரதி

கோயில் சிற்பங்களைப் பற்றிய கனமான ஆல்பம் ஒன்று எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் இருந்தால், நூலகம் காசு கொடுத்து வாங்கியது என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அப்படி இருக்காது. பதிப்பாளரே இலவசமாக அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டம்.

இந்தியாவில் வெளியாகும் எந்த நூலானாலும் கொல்கத்தா தேசிய நூலகம், கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் நான்குக்கும் ஆளுக்கொரு பிரதி போக வேண்டும். வெளியான நாளிலிருந்து 30 நாள் கெடு. அனுப்பும் செலவும் பதிப்பாளர் தலையில்தான்.

கலை நூல் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கொல்கத்தாவுக்குப் போகும் பிரதியில் படங்கள் முழுமையாக இருக்க வேண்டும். இருப்பதிலேயே சிறந்த பிரதியின் வண்ணமும் தாளும் அதற்கும் வேண்டும், தைத்தோ பைண்டு செய்தோ இருக்க வேண்டும். மற்ற மூன்று நூலகங்களுக்கு, விற்பனைக்கு அதிகமாக அச்சிட்ட தாளே போதும். அதாவது 50 பிரதி ஆர்ட் பேப்பரிலும் 950 பிரதி சாதாத் தாளிலும் அடித்தால், ஆர்ட் பேப்பர் கொல்கத்தாவுக்கு, சாதா எழும்பூருக்கு. எழும்பூருக்குப் பஸ் பிடித்துப் போய் ஓவியம் பார்க்கிறவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

தனித்தாளாக அச்சான இசைக்குறிப்பும் நிலப்படமும்கூட இந்தச் சட்டத்தின் கணக்கில் ‘நூல்’தான். காலண்டர் படமும் போஸ்டரும் அதில் பெயர் சொல்லி இல்லை, சேர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுபதிப்பில் எதையும் மாற்றவில்லை, முந்தைய பதிப்பையும் கொடுத்தாயிற்று என்றால் மறுபடி அனுப்ப வேண்டாம். ஆனால் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதிய படம் சேர்த்திருந்தால் அனுப்பியே ஆக வேண்டும். நூலகம் எழுத்தில் ரசீது தர வேண்டும். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அனுப்பாவிட்டால்? சட்டம் எழுதியபோது வைத்த அபராதம் 50 ரூபாய் வரை. இன்றைக்கு அந்த ஆல்பத்தை அனுப்பும் கூரியர் செலவே அதைத் தாண்டும். ஆனால் அதோடு நூலின் விலையையும் கட்ட வேண்டும். விலை கூடிய ஓவிய நூல் என்றால் அதுதான் வலிக்கும். வசூலான தொகையை நூலகத்துக்கே இழப்பீடாகக் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம்.

வாசகர் நேராக வழக்குப் போட முடியாது. மத்திய அரசு அதிகாரம் அளித்த அலுவலர்தான் புகார் தர வேண்டும். தேடிய ஆல்பம் அட்டவணையில் இல்லையென்றால், தலைப்பு, பதிப்பாளர், வெளியான ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள்.