நியூட்ரல் அறுந்தால் டி.வி. ஏன் எரிகிறது? இரண்டு பல்புக் கணக்கிலிருந்து ஒரு முக்கோணம் வரை

பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருந்தார். 60 வாட் குண்டு பல்பையும் 100 வாட் குண்டு பல்பையும் தொடராக இணைத்து 230 வோல்ட் கொடுத்தால் 60 வாட்தான் பிரகாசமாக எரியும் என்று வகுப்பில் சொன்னார்களாம், அவரால் நம்ப முடியவில்லை. கூடவே இன்னொன்றும் கேட்டார்: "வீட்டில் யாருமே இப்படித் தொடராக இணைப்பதில்லையே, அப்புறம் எதற்கு இந்தக் கணக்கு?" இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பல்பின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அதன் பிறவிக் குணம் இல்லை, 230 வோல்ட் முழுசாகக் கிடைத்தால் இவ்வளவு சாப்பிடுவேன் என்ற அறிவிப்பு மட்டும்தான். பிறவிக் குணம் என்று சொல்லத்தக்கது மின்தடை. 230-ஐ வர்க்கப்படுத்தி வாட்டால் வகுத்தால் அது கிடைக்கும்: 60 வாட் பல்புக்கு 882 ஓம், 100 வாட் பல்புக்கு 529 ஓம். தொடரிணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடியாக வேண்டும், அதனால் தடை அதிகமுள்ள பல்பு அதிக வோல்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. 60 வாட் பல்புக்கு 144 வோல்ட், மற்றதற்கு 86. திறனாகப் பார்த்தால் சுமார் 23 வாட்டும் 14 வாட்டும். சார் சொன்னது சரி.

ஆனால் நிஜத்தில் இரண்டு பல்பை வைத்துச் செய்து பார்த்தால் வித்தியாசம் இதைவிடப் பெரிதாகத் தெரியும். 100 வாட் பல்பு கிட்டத்தட்ட அணைந்தே கிடக்கும், உற்றுப் பார்த்தால் உள்ளே இழை மட்டும் மங்கிய சிவப்பாக ஒரு கோடு மாதிரி தெரியும். காரணம், அந்த 529 ஓம் என்பது இழை 2500 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதித்துக்கொண்டிருக்கும்போது உள்ள தடை. பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள், 40 ஓம் பக்கத்தில்தான் காட்டும். டங்ஸ்டன் சூடாக ஆகத் தடை ஏறும், ஆறினால் இறங்கும். தொடரில் குறைந்த வோல்ட் கிடைக்கிற 100 வாட் பல்பு ஆறுகிறது, ஆறியதால் தடை இறங்குகிறது, தடை இறங்கியதால் கிடைக்கிற வோல்ட் இன்னும் குறைகிறது. இளைத்தவனிடமிருந்தே பிடுங்குகிற கணக்கு. இழையின் இந்தக் குணத்தையும் சேர்த்துத் தோராயமாகப் போட்டால் பங்கீடு 165-க்கு 65 என்று வருகிறது. (சுவிட்சைப் போடும் அந்த நொடியில் பல்பு பட்டென்று போவதும் இதனால்தான். ஆறிய இழையில் முதல் சில மில்லிநொடிகளுக்குப் பத்து மடங்குக்கும் மேலான மின்னோட்டம் பாய்கிறது, ஏற்கெனவே மெலிந்த இடம் ஏதாவது இருந்தால் அங்கே அறுந்துவிடும்.)

சரி, யாரும் தொடராக இணைப்பதில்லையே என்றால், உண்மைதான், நாம் இணைப்பதில்லை. ஆனால் சில ராத்திரிகளில் தெருவே தன்னைத் தொடராக இணைத்துக்கொள்கிறது. ஒரு வீட்டில் லைட் கண்ணைக் கூசும் அளவுக்கு எரிகிறது, ஃபேன் கழன்று விழுந்துவிடும் போலச் சுற்றுகிறது, எதிர்வீட்டிலோ மெழுகுவத்தி வெளிச்சம்தான். பத்து நிமிடத்தில் இந்தப் பக்கம் டி.வி., ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி என்று வரிசையாகப் புகைகிறது. மறுநாள் "ஹை வோல்டேஜ் வந்துடுச்சு" என்பார்கள். லைன்மேனிடம் கேட்டால் இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்: நியூட்ரல் கட்.

நம் தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வாங்கி இறக்கித் தருகிறது. அதிலிருந்து நான்கு கம்பிகள் வருகின்றன, மூன்று ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி), ஒரு நியூட்ரல் (அது திரும்பிப் போகும் கம்பி). எந்த ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 400. (நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் எல்லாரும் 440 என்றுதான் சொல்வார்கள், இருக்கட்டும்.) 230-உம் 230-உம் சேர்ந்தால் 460 வர வேண்டாமா என்றால், வராது. மூன்று ஃபேஸும் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி ஏறி இறங்குகின்றன, அதனால் கூட்டலைத் திசையோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும். சிங்கிள் ஃபேஸ் வீடுகளுக்கு இந்த மூன்றையும் பிரித்துக் கொடுப்பார்கள். இந்த வீட்டுக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், அதற்கடுத்ததற்கு நீலம். நியூட்ரல் எல்லாருக்கும் பொது.

இப்போது அந்தப் பொது நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் எங்கோ அறுந்துவிட்டது என்று வையுங்கள். கம்பத்தில் அலுமினியமும் செம்பும் சேரும் இணைப்பு அரித்துப்போயிருக்கலாம், நட்டு தளர்ந்து சூடேறிக் கருகியிருக்கலாம். உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரில் மட்டும் நியூட்ரல் போனால் உங்களுக்குக் கரண்ட் இருக்காது, அவ்வளவோடு சரி. பொது நியூட்ரல் போவதுதான் ஆபத்து, ஏனென்றால் வீடுகளின் நியூட்ரல்கள் எல்லாம் இன்னும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டுதான் இருக்கின்றன, மின்னோட்டம் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பும் வழி மட்டும் இல்லை. சிவப்பு ஃபேஸில் புறப்பட்ட மின்னோட்டம் முதல் வீட்டின் டி.வி. வழியாக நியூட்ரலுக்கு வந்து, அங்கிருந்து போக இடமில்லாமல் எதிர்வீட்டுக் கெய்சருக்குள் தலைகீழாக நுழைந்து மஞ்சள் ஃபேஸுக்குப் போய்ச் சேர்கிறது. 400 வோல்ட்டுக்கு நடுவே ஒரு டி.வி.யும் ஒரு கெய்சரும் தொடரிணைப்பில். மாணவி கேட்ட கணக்கேதான்.

முதல் வீட்டில் டி.வி., லைட் எல்லாம் சேர்த்து 100 வாட், அதாவது 529 ஓம். எதிர்வீட்டில் 2000 வாட் கெய்சர், 26 ஓம் சொச்சம். 400 வோல்ட்டைப் பிரித்தால் கெய்சருக்கு 19, டி.வி.க்கு 381. குறைவாகச் செலவழித்த வீட்டுக்குத்தான் தண்டனை.

நிஜத்தில் வீடுகள் இரண்டு ஃபேஸில் மட்டும் இல்லையே, மூன்றிலும் இருக்குமே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது.

ஒரு தாளில் சமபக்க முக்கோணம் வரையுங்கள், பக்கத்துக்கு 400. மூன்று முனைகளும் மூன்று ஃபேஸ்கள். முக்கோணத்தின் நடுப்புள்ளி நியூட்ரல். நடுவிலிருந்து எந்த முனைக்கும் உள்ள தூரத்தை அளந்தால் 231 வரும், அதாவது நம் வீட்டு வோல்ட். இந்தப் படத்தில் தூரம்தான் வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் நியூட்ரல் கம்பி இந்த நடுப்புள்ளியை ஆணி அடித்தாற்போல் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு ஃபேஸில் சுமை கூடினாலும் குறைந்தாலும் புள்ளி நகராது, மிச்ச மின்னோட்டத்தைக் கம்பி வாங்கிக்கொள்ளும். கம்பி அறுந்தால் ஆணி போயிற்று, புள்ளி தன் இஷ்டத்துக்கு நகரும்.

எங்கே போய் நிற்கும்? நியூட்ரலுக்குள் வரும் மின்னோட்டங்களின் கூட்டல் பூஜ்யம் என்று எழுதினால், ஒவ்வொரு மின்னோட்டமும் "அந்த முனை கழித்தல் இந்தப் புள்ளி, வகுத்தல் தடை" என்று வரும். தடையின் தலைகீழியை எடை என்று வைத்து அதே வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். இயந்திரவியல் பாடத்தில் நிறை மையம் கண்டுபிடிக்கும் சமன்பாடு அது! மூன்று முனைகளிலும் அந்தந்த ஃபேஸின் வாட்டுக்குத் தக்கபடி எடைக்கற்களை வைத்தால், முக்கோணத்தை எந்த இடத்தில் ஒற்றை விரலால் தாங்கலாமோ அங்கேதான் அறுந்த நியூட்ரல் போய் நிற்கிறது. மின்பொறியியலில் இதை மில்மன் தேற்றம் என்ற பெயரில் சூத்திரமாக மனப்பாடம் செய்வார்கள், பாதிப் பேருக்கு அது நிறை மையம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போட்டுப் பார்ப்போம். சிவப்பில் 4000 வாட், மஞ்சளில் 1000, நீலத்தில் 1000. எடைகள் 4, 1, 1. முக்கோணத்தின் உயரம் 346. மஞ்சள், நீலம் இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கத்தின் நடுவில் 2 என்று வைத்துக்கொள்ளலாம், அப்போது நிறை மையம் சிவப்பு முனையிலிருந்து உயரத்தில் ஆறில் இரண்டு பங்கு தள்ளி நிற்கும், அதாவது 115. சிவப்பு வீடுகளுக்கு 115 வோல்ட்தான், மெழுகுவத்தி வெளிச்சம். மற்ற இரண்டு முனைகளுக்கு உள்ள தூரத்தைப் பிதாகரஸ் சொல்லிவிடுவார், 306. கெய்சர் போட்ட வீடு தப்பிக்கிறது, இரண்டு லைட்டோடு உட்கார்ந்திருந்தவர் டி.வி. போகிறது. மோட்டார் மாதிரிச் சுமைகள் இருந்தால் புள்ளி கொஞ்சம் பக்கவாட்டிலும் விலகும், ஆனால் கதை மாறாது.

மூன்று எடையும் சமமாக இருந்தால் நிறை மையம் நடுப்புள்ளியிலேயே இருக்கும், நியூட்ரல் அறுந்ததே யாருக்கும் தெரியாது. கிணற்று மேட்டில் ஓடும் த்ரீ ஃபேஸ் பம்புசெட்டுக்கு நியூட்ரலே இல்லாமல் மூன்று கம்பி மட்டும் போவது இதனால்தான். அதன் மூன்று சுருள்களும் ஒரே மாதிரி, எடை எப்போதும் சமம்.

இன்னொரு விஷயமும் நடக்கும், பல்பு இழையில் பார்த்த அதே குணம் தெரு அளவில். 306 வோல்ட் வாங்கிய மஞ்சள் ஃபேஸில் ஒரு டி.வி. எரிந்து அணைகிறது. உடனே மஞ்சள் முனையின் எடை குறைகிறது, புள்ளி மஞ்சளை விட்டு இன்னும் விலகுகிறது, மஞ்சளில் மிச்சமிருப்பவற்றுக்கு வோல்ட் இன்னும் ஏறுகிறது, அடுத்தது போகிறது. போதாததற்கு இந்தக் காலத்து மொபைல் சார்ஜர், எல்.இ.டி. டிரைவர் (எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரம் தரும் சுற்று) எல்லாம் வோல்ட் ஏறினால் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் வகை, அதாவது அழுத்தம் கூடும்போது தானாகவே எடையைக் குறைத்துக்கொள்பவை. உங்கள் சார்ஜரின் பின்னால் பொடி எழுத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும், படித்துப் பாருங்கள். 240-க்கு மேல் கொஞ்சம் தாங்கும், 306-க்கு அது பொறுப்பில்லை.

ஃபியூஸ் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். ஃபியூஸுக்கு மின்னோட்டம்தான் கண், வோல்ட் அதற்குத் தெரியாது, ஏதாவது கருகி ஷார்ட் ஆன பிறகுதான் அது போகும். ஷாக்கிலிருந்து காக்கும் ஆர்.சி.சி.பி.யும் விழாது, ஏனென்றால் அது ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டுமே பார்க்கிறது, இங்கே அது சமமாகத்தான் இருக்கும். வோல்ட்டைக் கவனித்து, அளவு மீறினால் இணைப்பையே துண்டிக்கிற கருவி தனியாகக் கிடைக்கிறது, அது உதவும். கருவி இல்லாதவர்கள் லைட் திடீரென்று வெளுத்து எரிந்தால் காரணம் யோசிக்காமல் மெயினை இறக்கிவிட வேண்டும், அப்புறம் மின்வாரியத்துக்குப் போன் போடலாம்.

நியூட்ரலைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கையையும் அன்றைக்கு மூட்டை கட்டிவிடுங்கள். மேலே போட்ட கணக்கில் புள்ளி நடுவிலிருந்து 115 வோல்ட் நகர்ந்திருக்கிறது, பூமி நடுவிலேயே நிற்கிறது, ஆக உங்கள் வீட்டு நியூட்ரலுக்கும் தரைக்கும் 115 வோல்ட். செலவை மிச்சம் பிடிக்க பிளக்கில் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கி வைத்திருக்கும் வீடுகள் உண்டு, அங்கே ஃபிரிட்ஜின் உடம்பிலேயே அந்த 115 வோல்ட் வந்து நிற்கும்.

ஒரே ராத்திரியில் ஒரே தெருவில் நான்கு டி.வி. போனால் மறுநாள் யாராவது மீட்டர் பெட்டியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறார்கள். திருஷ்டி என்றால் ஏன் சிவப்பு ஃபேஸ் வீடுகளை மட்டும் விட்டுவிட்டது என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டால் சண்டைதான் வரும். என் கோபம் அவர்கள் மேல் இல்லை. இரண்டு பல்பு, இரண்டு ஹோல்டர், பத்தடி வயர், இதை வைத்துக் கூடவே நின்று செய்து காட்ட ஓர் ஆசிரியர், இவ்வளவுதான் தேவை. பல பள்ளிகளில் அந்த ஆய்வகம் பொதுத்தேர்வுச் செய்முறைக்கு மட்டும் திறக்கிறது. விண்வெளிக்கு ராக்கெட் விடும் நாட்டில் பள்ளி ஆய்வகத்துக்கு என்று ஒதுக்குவதைப் பார்த்தால் பல்பு வாங்கக்கூட யோசிப்பார்கள் போலிருக்கிறது. குண்டு பல்பே கடைகளில் அருகிவிட்டது, இன்னும் சில வருடத்தில் இந்தச் சோதனைக்குப் பொருளே கிடைக்காது. எல்.இ.டி.யை வைத்துச் செய்தால் கண்டபடி மினுக்கும், கணக்கு வராது.

கேள்வி கேட்ட மாணவிக்கு வீட்டுப்பாடம் ஒன்று. சிவப்பில் 3000 வாட், மஞ்சளில் 3000, நீலத்தில் 1000, நியூட்ரல் அறுந்துவிட்டது. நீல வீடுகளுக்கு 297 வோல்ட்டும் மற்றவர்களுக்கு 206-உம் வர வேண்டும். அது வந்துவிட்டால் நீல ஃபேஸில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள், ஒரே ஒரு வீட்டில் ஒரே ஒரு போன் சார்ஜர் மட்டும் செருகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு திரும்பப் போடட்டும். நீல முனையில் எடை இல்லை என்றே கொள்ளலாம், புள்ளி எதிர்ப்பக்கத்தின் நடுவில் போய் உட்காரும், முக்கோணத்தின் முழு உயரமும் அந்தச் சார்ஜரின் தலையில்: 346 வோல்ட்.