ஏழு சதவீதம் என்பது எந்தக் காசில்?

2025 தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, சிங்கப்பூரின் யீஷூனில் இருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். துவாஸில் கப்பல் பட்டறை வேலை, நிரந்தரவாசி, பிள்ளைகள் இருவரும் இங்கேதான் படிக்கிறார்கள். கையில் வங்கிக் கடிதம். ஐந்து வருஷக் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்ததால், அதே 30,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) மறுபடியும் தரத் தயாராக இருப்பதாக எழுதியிருந்தார்கள்.

"அக்கா, இங்க வட்டி மூன்றரை, ஊர்ல டெபாசிட்டுக்கு ஏழு. நடுவுல இருக்கிறது நமக்கு. கையெழுத்துப் போட்டுடலாமா?"

நிதி ஆலோசனைத் தொழிலில் இந்தக் கணக்கை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தேக்கா சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசையில் கூடக் கேட்கும். படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லை. அதனால் தம்பியின் பழைய கடனையே எடுத்து, இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

2020 தொடக்கத்தில் 30,000 வெள்ளி கடன். வருஷத்துக்கு 3.5%, ஐந்து வருஷம். வட்டி 5,250. ஆக மொத்தம் 35,250. மாதத் தவணை 587.50 வெள்ளி. இங்கேதான் முதல் கோளாறு. அந்த மூன்றரை ஃப்ளாட் ரேட். அதாவது, கடைசி மாதம் வரைக்கும் முழு 30,000-மும் உங்கள் கையில் இருப்பது போல வட்டி போடுகிறார்கள். ஆனால் மாதாமாதம் அசலும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்? அப்படிப் பார்த்தால் உண்மையான வட்டி சுமார் ஆறரை சதவீதம். விண்ணப்பத்தில் இஐஆர் (உண்மையான வட்டி விகிதம்) என்று ஒரு எண் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பணத்தை அவர் அப்போதே ஊருக்கு அனுப்பி, என்ஆர்இ டெபாசிட்டில் (வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் அங்குள்ள வங்கியில் ரூபாயில் போடுவது) போட்டார். அன்று ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய 53 ரூபாய். 15 லட்சத்து 90 ஆயிரம். ஆண்டுக்கு 7% கூட்டு வட்டியில் ஐந்து வருஷத்தில் சுமார் 22 லட்சத்து 30 ஆயிரம். ரூபாயில் பார்த்தால் நெஞ்சு நிறையும் தொகைதான். ஆனால் 2025 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு 63 ரூபாய். திருப்பி வெள்ளியாக்கினால் 35,400 கூட வரவில்லை.

கட்டியது 35,250. லாபம் சுமார் 150 வெள்ளி. கடன் எடுக்கும்போது பிடித்த கட்டணம் அதற்கு மேல் இருந்தது. இன்னொன்றையும் சொன்னேன்: கடனே வாங்காமல் மாதம் 587.50 வெள்ளியை வீட்டு அலமாரியில் வைத்திருந்தாலே இன்றைக்கு 35,250 இருந்திருக்கும். தம்பி ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷம் ஓவர்டைம் பார்த்த மனிதர் அவர். எனக்கு வருத்தமாக இருந்தது.

"இந்தியா இவ்வளவு வளருது, ரூபாய் ஏறும்னுதானே எல்லாரும் சொல்றாங்க?" என்றார். இந்த இடத்தில் என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஒரு நாடு வேகமாக வளர்வதும் அதன் நாணயம் ஏறுவதும் ஒன்றல்ல. ரூபாய் இறங்கினால் அன்றைய ஆட்சியைத் திட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 1966-ல் இந்திரா காந்தி காலத்தில் ஒரு அமெரிக்க டாலர் 4.76 ரூபாயில் இருந்து 7.50 ரூபாய் ஆனது. 1991-ல் நரசிம்ம ராவ் அரசு மறுபடியும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. மோடி ஆட்சியில் 2022-ல் ஒரு டாலர் 80 ரூபாயைத் தொட்டது. எல்லாக் கட்சியும் எதிர்க்கட்சியாக இருக்கும்போது இதை அவமானம் என்று பேசியிருக்கிறது. எனக்குத் தெரிவது விலைவாசிக் கணக்குதான். இந்திய ரிசர்வ் வங்கிக்குக் கொடுத்திருக்கும் பணவீக்க இலக்கே 4%. சிங்கப்பூரில் விலைவாசி நீண்ட காலமாக அதைவிட மெதுவாகத்தான் ஏறியிருக்கிறது. அந்த இடைவெளி வருஷா வருஷம் நாணய மாற்றில் வந்து உட்காருகிறது. அங்கே வட்டி அதிகம் என்பதற்கே அதுதான் முக்கியக் காரணம்.

இங்கே இன்னொரு விஷயமும் இருக்கிறது. மற்ற நாடுகள் வட்டியை ஏற்றி இறக்கி விலைவாசியைப் பிடிக்கும். சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வெள்ளியின் மாற்று மதிப்பைக் கொண்டே அதைச் செய்கிறது. சாப்பாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் ஊர் இது. வெள்ளி பலமாக இருந்தால்தான் அரிசியும் எண்ணெய்யும் அடங்கும். ஆக, வெள்ளியில் கடன் வாங்கி ரூபாயில் போடுகிறவர், வெள்ளி ஏறாது என்று பந்தயம் கட்டுகிறார். அது பந்தயம் என்றே பலருக்குத் தெரியாது.

அப்புறம் எல்லாரிடமும் சுற்றும் அந்த வாட்ஸ்அப் செய்தி: அமெரிக்க டாலர் விழப்போகிறது, பிரிக்ஸ் (இந்தியா, சீனா, ரஷ்யா போன்ற நாடுகளின் கூட்டமைப்பு) நாணயம் வருகிறது. உலக நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் டாலரின் பங்கு 1999-ல் சுமார் 71%, 2024-ல் சுமார் 58%. கால் நூற்றாண்டில் நடந்த மெதுவான இறக்கம் இது. சரி, டாலர் விழுந்தே விட்டது என்று வையுங்கள். தம்பியின் சம்பளம் வெள்ளியில். 2025 முதல் பாதியில் டாலர் நிஜமாகவே இறங்கியது. அப்போது வெள்ளி ஏறியது. ஒரு வெள்ளி 63-ல் இருந்து 67 ரூபாய்ப் பக்கம் போனது. செய்தி பலித்தும் தம்பிக்கு நஷ்டம்தான்.

எப்போதும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. 2013 ஆகஸ்டில் ஒரு வெள்ளி 50 ரூபாயைத் தாண்டியபோது அனுப்பியவர்களுக்கு, 2015 தொடக்கத்தில் அது 46-க்கு வந்ததால் வட்டியும் கிடைத்தது, மாற்றிலும் லாபம். அந்தக் கதைதான் ஊரெல்லாம் சுற்றுகிறது.

நான் எல்லாரிடமும் கேட்பது ஒன்றுதான்: இந்தக் காசை எந்த ஊர்க் கடையில் செலவு செய்யப் போகிறீர்கள்? நான்கு வருஷத்தில் மன்னார்குடிக்கே திரும்பி வீடு கட்டப் போகிறவருக்கு ரூபாய்தான் காசு. அவர் சேமிப்பை அங்கே போடுவதில் தப்பே இல்லை; கடன் வாங்கிப் போடுவதில்தான் தப்பு. வெளிநாட்டில் இருக்கும்வரை என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, திரும்பிப் போய்க் குடியேறினால் வரி உண்டு. ஒரே வங்கியில் எவ்வளவு போட்டாலும், வங்கி மூழ்கினால் கிடைக்கும் காப்புறுதி வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரைதான். தம்பி 15 லட்சத்துக்கு மேல் ஒரே இடத்தில் போட்டிருந்தார்.

தம்பியின் மூத்த பையன் அடுத்த வருஷம் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகிறான். அந்தச் செலவு வெள்ளியில். இன்னொரு பக்கம், ஊரில் அம்மா தனியாக இருக்கிறார், வீட்டுக் கூரை ஒழுகுகிறது. அது ரூபாயில். கூரைக்கும் அம்மாவின் மருந்துக்கும் 5 லட்சத்தை அங்கேயே விட்டுவிட்டு, மீதியைக் கொண்டுவர முடிவு செய்தார். 587.50 மாதாமாதம் போய்ப் பழகிய பணம். அதில் 500-ஐ அரசாங்கம் வெளியிடும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போடச் சொன்னேன். குறைந்தது 500 வெள்ளி இருந்தால் போதும், எந்த மாதமும் அபராதமில்லாமல் எடுக்கலாம். மீதி 87.50-ஐ என்ன செய்வது என்று கேட்டார். அம்மாவுக்கே அனுப்பட்டும் என்று அவர் மனைவி சொன்னார்.