அடுப்பில் ஏறாத மாம்பழ கேக்

மே மாதம் பிறந்துவிட்டால் என் அறையில் மாம்பழப் பேச்சு இல்லாத நாளே கிடையாது. சேலத்தில் உணவியல் ஆலோசகராக இருப்பவருக்கு இது எழுதப்படாத விதி. "ஒரே ஒரு துண்டு சாப்பிடலாமுங்களா?" என்று கேட்க வருபவர்கள் ஒரு பக்கம். சாப்பிட்டுவிட்டுச் சொல்ல வருபவர்கள் இன்னொரு பக்கம். சில வருடங்களாக மூன்றாவதாக ஒரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது: மாம்பழத்தைக் கேக்காகச் செய்து சாப்பிட்டவர்கள்.

பேரீச்சம்பழமும் பாதாமும் அரைத்து அடியில் அழுத்தி, மேலே முந்திரி, தேங்காய்ப்பால், மாம்பழக் கூழ் மூன்றையும் சேர்த்தடித்து ஊற்றி, ஃப்ரீசரில் உறையவைக்கும் கேக் அது. மைதா, முட்டை, பால், வெண்ணெய், சர்க்கரை எதுவும் கிடையாது. அடுப்பே பற்றவைக்க வேண்டாம். 'ரா வீகன் கேக்' என்று பெயர்: ரா என்றால் சமைக்காதது, வீகன் என்றால் விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காதது.

போன வருடம் அம்மாப்பேட்டைப் பக்கம் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்திலிருந்து 52 வயது அக்கா ஒருவர் வந்தார். ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரையில் கட்டுப்பாடாகத்தான் இருந்தார். காலை வெறும் வயிற்றில் 130ஐ ஒட்டி இருந்த அளவு, அந்த முறை 200ஐத் தாண்டியிருந்தது. மாத்திரையை விடவில்லை, நடையும் குறையவில்லை. "புதுசா ஏதாவது சாப்பிடறீங்களாக்கா?" என்று கேட்டேன். முகம் மலர்ந்தது. மகள் இந்த கேக்கைச் செய்துதருகிறாளாம். "ஒரு சிட்டிகை சக்கரை கூடப் போடலைங்க மேடம். எல்லாமே பழம், பருப்புதாங்க. அதான் தைரியமா சாப்பிடறேன்." ஒரு நாளைக்கு எத்தனை துண்டு என்றேன். மூன்று.

மகளை போனில் அழைத்து அளவு கேட்டேன். கால் கிலோ பேரீச்சை, 200 கிராம் முந்திரி, இரண்டு பெரிய மாம்பழம். மொத்தத்தையும் ஆறு துண்டாக வெட்டுகிறார்கள். சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு அக்காவிடம் காட்டினேன். 100 கிராம் பேரீச்சையில் சுமார் 65 கிராம் சர்க்கரை இருக்கிறது. கால் கிலோவில் 160 கிராமுக்கு மேல். ஆறால் வகுத்தால் துண்டுக்கு 27 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூனுக்கும் மேலே. மாம்பழத்தில் உள்ளது தனி. மூன்று துண்டு என்றால் பேரீச்சையிலிருந்து மட்டும் 80 கிராம். அக்கா அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் ஆசையாகச் செய்துகொடுத்தது அது. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பேரீச்சைக்குக் கிளைசிமிக் குறியீடு குறைவு, அதனால் சர்க்கரை நோயாளிக்கு ஆகும் என்று பலர் சொல்கிறார்கள். அந்தக் குறியீடு சொல்வது, ஒரு உணவு ரத்தத்தில் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைத்தான். எவ்வளவு ஏறும் என்பதற்கு நாம் தின்ற அளவையும் பார்க்க வேண்டும். ஒரு பேரீச்சையை மென்று தின்றால் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ நாக்கே போதும் என்று சொல்லிவிடும். அதையே அரைத்துத் தட்டில் அழுத்திவிட்டால் எட்டுப் பத்து பழம் போன இடம் தெரியாது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்த நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் உண்டு. அதனால் இதை ஒரு வீட்டுக் கதையாக மட்டும் என்னால் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

அதற்காக இந்த கேக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேக்கரியில் வனஸ்பதிக் கிரீம் தடவிய கேக்கை வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். நானே செய்கிறேன். நார்ச்சத்து இருக்கிறது, பருப்பில் நல்ல கொழுப்பு இருக்கிறது, பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் சாப்பிடலாம். அடுப்பை ஒதுக்கிவிட்டால், அது செய்துவந்த வேலையெல்லாம் நம் கைக்கு வந்துவிடுகிறது. அதை மட்டும் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

முதலில் பழம். கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைப்பதற்கு இந்தியாவில் தடை இருக்கிறது. அந்தக் கல் ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவை விடும். கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் கொஞ்சம் இருக்கும். எத்திலீன் வாயு அறையில் பழுக்கவைப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பழம் இயற்கையாகவே தனக்குள் உண்டாக்கும் வாயுதான் எத்திலீன். கார்பைட் பழம் வெளியே ஒரே சீராக மஞ்சளாக இருக்கும். காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனை வராது. வெட்டினால் உள்ளே வெளிறி, புளிப்பாக இருக்கும். இனிப்பு பற்றாது என்று இன்னும் நாலு பேரீச்சையைச் சேர்ப்போம், அங்கே சர்க்கரைக் கணக்கும் ஏறும். முடிந்தவரை சூரமங்கலம், அஸ்தம்பட்டி உழவர் சந்தைகளில் முற்றின காயாக வாங்கி, வீட்டில் வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்துப் பழுக்க விடுங்கள். கேக்குக்கு என் கை போவது மல்கோவாவுக்கு. நார் குறைவு, கூழ் வழவழவென்று வரும். குண்டு மாம்பழமும் நன்றாக இருக்கும், ஒரு முறை வடிகட்டிக்கொண்டால் போதும்.

பழத்தை வெட்டுவதற்கு முன்னாலேயே ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலைத்தானே சீவி எறியப்போகிறோம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தோலில் இருக்கும் அழுக்கைக் கத்தி சதைக்குள் இழுத்துக்கொண்டு போகும். சமைக்கிற பண்டமானால் கொதியில் செத்துவிடும், இங்கே கொதி கிடையாது. சோப்பு போட வேண்டாம். காம்பில் வடியும் பால் சிலருக்கு உதட்டோரம் புண் உண்டாக்கும், அதனால் காம்பைக் கிள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவைப்பது நல்லது.

அடுத்தது முந்திரி. பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. 'இரவு முழுக்க ஊறவையுங்கள்' என்று வீடியோவில் சொல்கிறார்கள். அது எந்த ஊர் இரவு என்று சொல்வதில்லை. சேலத்துக் கோடையில் இரவிலும் சமையலறை கொதிக்கிறது. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரைக்குமான வெப்பம் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். காலையில் பாத்திரத்தைத் திறந்தால் தண்ணீரின் மேலே மெல்லிய நுரை, கையில் எடுத்தால் முந்திரியில் ஒரு வழவழப்பு, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் புளித்த வாடை. இதில் ஒன்று இருந்தாலும் கொட்டிவிடுங்கள். கழுவிவிட்டு அரைக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி அரை மணி நேரம் மூடிவைத்தாலே முந்திரி நன்றாக மெத்தென்று ஆகிவிடும். 'அப்படிச் செய்தால் ரா இல்லையே?' என்று கேட்பீர்கள். கடையில் 'பச்சை முந்திரி' என்று விற்பதும் பச்சை இல்லை. முந்திரி ஓட்டில் தோலைப் பொத்துப்போகச் செய்யும் எண்ணெய் இருக்கிறது. அதனால் கொட்டையை ஆவியில் அவித்தோ வறுத்தோதான் உடைக்கிறார்கள். ஏற்கெனவே சூடு பார்த்த பருப்புக்கு இன்னொரு முறை வெந்நீர் ஊற்றுவதில் ஒரு குறையும் இல்லை. வெந்நீர் வேண்டாம் என்றால் ஃப்ரிட்ஜுக்குள் வைத்து ஊறவையுங்கள்.

தேங்காயை அன்றைக்கே உடைத்து, அன்றைக்கே பால் எடுங்கள். பிழிந்த பால் ஒரு மணி நேரம்கூட மேடையில் இருக்கக் கூடாது.

உறையவைக்க என்ன சேர்ப்பது என்பதில் வீகன்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து வருவது, ஆகாது. தேனும் வீகன் கிடையாது. கடல்பாசி (அகர் அகர்) வீகன்தான், ஆனால் கொதிக்கவைத்தால்தான் கரையும், அப்போது அடுப்பு வந்துவிடும். அதனால் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயைச் சேர்க்கிறார்கள். அது 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். ஏற்காட்டில் மார்கழி மாதம் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கித் தலைக்குத் தடவுவார்கள். கீழே சேலத்தில் வைகாசியில் அதே எண்ணெய் தண்ணீராக நிற்கும். ஆகவே இங்கே இந்த கேக் ஃப்ரீசரை நம்பித்தான் நிற்கிறது. வெளியே எடுத்தால் கால் மணி நேரத்தில் சாய ஆரம்பிக்கும்.

ஏற்காடு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்தத்தில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். மேலே ஒரு வீடு எடுத்துக் கொண்டாடினார்கள். கேக் சேலத்திலேயே செய்து, ஃப்ரீசரிலிருந்து எடுத்து, கார் டிக்கியில் வைத்துக் கிளம்பினார்கள். அடிவாரத்தில் ஒரு கடையில் நின்று, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. மேலே காற்று சில்லென்று இருந்ததால் கேக் கெட்டிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஓரம் உருகியிருந்தது, அதைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்து இறுக்கி, சாயங்காலம் வெட்டினார்கள். அன்று ராத்திரி மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. கேக்தான் காரணம் என்று யாரும் பரிசோதித்து உறுதிசெய்யவில்லை. ஆனால் திரும்ப இறுக்கியபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், விசேஷ வீட்டில் எதற்கு என்று வாயைத் திறக்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. குளிரில் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். உருகின நேரத்தில் பெருகியது, இறுகின பிறகும் உள்ளேயே இருக்கும். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், வெயில் நாளென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல், இருந்த கேக்கை மனசைத் திடப்படுத்திக்கொண்டு தூக்கிப் போடுங்கள். மலைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் ஐஸ் கட்டி நிரப்பிய பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். மேலேயே செய்வது இன்னும் நல்லது. அங்கே பட்டர் ஃப்ரூட் கிடைக்கும் பருவத்தில் முந்திரியைப் பாதியாகக் குறைத்து அதைச் சேர்த்தால் பச்சை நிறத்தில், வெண்ணெய் போல வரும்.

நம் ஊருக்கு இதெல்லாம் புதுசா என்றால், இல்லை. பழனிப் பஞ்சாமிர்தம் அடுப்பேறாத பழ இனிப்புதானே. விருப்பாச்சி வாழைப்பழத்தையும் வெல்லத்தையும் பேரீச்சையையும் கற்கண்டையும் பிசைந்து செய்கிறார்கள். நெய்யும் தேனும் இருப்பதால் வீகன் இல்லை. அது பல நாள் கெடாமல் இருப்பதற்குக் காரணம், அத்தனை இனிப்பும் சேர்ந்து பழத்தின் ஈரத்தைக் கட்டிப்போட்டுவிடுவது. கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் மிஞ்சாது. நம் மாம்பழ கேக்கில் ஈரம் கட்டற்று இருக்கிறது, அதனால் பஞ்சாமிர்தத்தின் தைரியம் இதற்குக் கிடையாது. ஃப்ரிட்ஜில் இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

சமைக்காமல் சாப்பிடுவது நல்லது என்ற பேச்சு பரவும்போது இன்னொரு கவலையும் எனக்கு வருகிறது. இது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விளையும் மாவட்டம். ஒரு தாய் என்னிடம், 'கிழங்கைப் பச்சையாகத் துருவிப் பழத்தோடு கலந்து கொடுக்கலாமா?' என்று கேட்டார். கூடவே கூடாது. மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது, பச்சையாகச் சாப்பிட்டால் அதிலிருந்து சயனைடு பிரியும். தோலை உரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். ஊறவைத்த ஜவ்வரிசியையும் அப்படியே கேக்கில் போடாதீர்கள், வேகாத மாவு வயிற்றைப் பிடுங்கும்.

சரி, என் வீட்டு அளவு இது. 60 கிராம் பாதாமையும் 60 கிராம் பேரீச்சையையும், அதாவது சின்னப் பழமாக எட்டு, கொரகொரப்பாக அரைத்து, ஒரு சாண் அகலமுள்ள தட்டில் விரல் பதியப் பதிய அழுத்துங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், எண்ணெய் கசியக் கூடாது. 100 கிராம் முந்திரி, அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால், 200 கிராம் மாம்பழக் கூழ், பாதி எலுமிச்சைச் சாறு, ஒரு ஏலக்காய், துளி உப்பு. முந்திரியை முதலில் தனியாக நைசாக அரைத்துவிட்டு மற்றதைச் சேருங்கள். மிக்ஸி சூடேறினால் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். உப்பை விட்டுவிடாதீர்கள், அது இருந்தால் குறைந்த இனிப்பே நாக்குக்கு நிறைவாகத் தெரியும். நான்கு மணி நேரம் ஃப்ரீசரில் இருக்கட்டும். மொத்தத்தில் சுமார் 1400 கலோரி வரும். எட்டாக வெட்டினால் துண்டுக்கு 175, கிட்டத்தட்ட மூன்று இட்லி. சர்க்கரை 9 கிராம் அளவு. நிஜமான இனிப்புதான், ஆனால் கணக்குக்குள் அடங்குகிற இனிப்பு.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள் இதைத் தொட வேண்டாம். பேரீச்சை, தேங்காய், பருப்பு எல்லாவற்றிலும் பொட்டாசியம் கூடுதல். முந்திரி, பாதாம் ஒவ்வாமை உள்ள பிள்ளை விருந்துக்கு வருகிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேக்கைப் பார்த்தால் பருப்பு இருப்பதே தெரியாது. முழு வீகனாக மாறியிருக்கும் பிள்ளைகள் வைட்டமின் பி12 பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும், இந்த கேக்கில் அது இல்லை.

அம்மாப்பேட்டை அக்கா மூன்று மாதம் கழித்து மகளோடு வந்தார். வெறும் வயிற்று அளவு 138. மகள் இப்போது என் அளவுக்குச் செய்து, பன்னிரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள், மதியச் சாப்பாட்டோடு ஒரு துண்டு. "அன்னிக்கு ஒரு கரண்டி சோத்தை எடுத்து வெச்சிடறேங்க மேடம்" என்றார் அக்கா. மகள் ஒரு டப்பாவை எனக்கும் கொண்டுவந்திருந்தாள், ஐஸ் கட்டி சுற்றி.