மேட்டில் திணறும் ஜீப்புக்கு என்ன ஜெட்?

வட சென்னை தட்டையான ஊர். இங்கே பாலம்தான் மலை. காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டி ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு மூலக்கடை மேம்பாலம் ஏறும் பழைய பெட்ரோல் ஜீப் பாதியில் திணறினால், பலருக்கும் முதலில் கை போவது ஐடில் ஸ்க்ரூவுக்கு. அதைத் திருகுவது வீண் வேலை. வண்டி நிற்கையில் மெதுவாக ஓடும் எஞ்சினுக்குப் போகிற பெட்ரோலைத்தான் அந்த ஸ்க்ரூ அளக்கிறது. ஆக்சிலேட்டரை முக்கால் மிதித்துவிட்டால் பெட்ரோல் வரும் வழியே வேறு.

அந்த வழி மெயின் ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறையும். மிதவை அறையில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் சிறு தொட்டி) உள்ள பெட்ரோலை வெளிக்காற்று ஜெட் வழியாக மேலே தள்ளும். முழுதாக எரிய ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று போதும். ஆனால் பாரம் இழுக்கும்போது 12.5 முதல் 13 வரை இருந்தால்தான் முழு சக்தி கிடைக்கும். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டையும் இழுத்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் எஞ்சின் தட்டும், நாளடைவில் எக்சாஸ்ட் வால்வு கருகும்.

இந்தக் கூடுதலை எப்போது கொடுப்பது என்பதைச் சொல்வது மேனிஃபோல்டு வேக்கம், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலுள்ள இழுவிசை. பழைய ஜீப்புகளின் வில்லிஸ் எஃப்-ஹெட் எஞ்சினோடு வந்த கார்ட்டர் ஒய்எஃப் கார்புரேட்டரில் ஜெட்டுக்குள் ஒரு கம்பி இறங்கி நிற்கும். சமதளத்தில் வேக்கம் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வை இழுத்துக் கம்பியைக் கீழே வைத்திருக்கும். மேட்டில் வேக்கம் விழுந்ததும் ஸ்பிரிங் கம்பியைத் தூக்கும், ஜெட் திறக்கும். கம்பி சிக்கிக்கொண்டால் மேட்டில் இழுவை போய்விடும். டயாஃப்ரம் கிழிந்தால் நேர் எதிர்: கம்பி எப்போதும் மேலேயே நிற்கும், வண்டி இழுக்கும், ஆனால் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும்.

ஜெட்டைக் கழற்றுமுன் இந்த வில்லிஸ் எஞ்சினில் பாயிண்ட் இடைவெளி 0.5 மி.மீ., பிளக் இடைவெளி 0.75 மி.மீ., தீப்பொறி டைமிங் பிஸ்டன் உச்சிக்கு 5 டிகிரி முன்னால் என்பதைச் சரிபாருங்கள். இவை தவறியிருந்தால் எந்த ஜெட்டும் உதவாது.

பிறகு பாரத்தோடு பாலம் ஏற்றிப் பாருங்கள். மிதித்த உடனே திணறினால் கோளாறு பெரும்பாலும் ஜெட்டிலோ கம்பியிலோ. நன்றாக ஏறி, அரை நிமிடம் கழித்துத் திணறினால் மிதவை அறை காலியாகிறது என்று பொருள். அடைத்த ஃபில்டர், களைத்த பம்ப், தாழ்ந்த மிதவை ஆகியவற்றைத் தேடுங்கள். எஞ்சின் ஆறியபின், பக்கத்தில் தீப்பொறி எதுவும் இல்லாமல், பெட்ரோல் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பிடியுங்கள். ஐடில் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் வரவேண்டும்.

உடனே திணறுகிற வண்டிக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஏறிக்கொண்டிருக்கும்போதே, காற்றைக் குறைக்கும் சோக்கைக் கால் பங்கு இழுங்கள். இழுவை கூடினால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மந்தமானால் ஏற்கெனவே அதிகம், ஜெட்டைப் பெரிதாக்காதீர்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் இதற்கு 13.5 பங்கு காற்றே போதும். அதாவது பழைய ஜெட் கிட்டத்தட்ட 8 சதவீதம் குறைவாக ஊட்டுகிறது. நம்மூரில் பல ஜீப்புகளில் மாட்டியிருக்கும் சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஜெட் எண் என்பது துளையின் அளவு: 125 என்றால் 1.25 மி.மீ. அதை 130 ஆக்கினால் துளையின் பரப்பு சரியாக அந்த 8 சதவீதம் கூடும். விட்டம் கொஞ்சம் கூடினாலே பரப்பு அதைப்போல் இருமடங்கு விகிதத்தில் ஏறும் என்பதால், ஏதாவது ஒரு கம்பியை நுழைத்து ஜெட் துளையைக் குடைகிற வழக்கம் ஆபத்து. எவ்வளவு குடைந்தோம் என்பது குடைந்தவருக்கே தெரியாது. எத்தனால் பழைய ரப்பரையும் அரிக்கும். கடற்காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். வாரக்கணக்கில் நின்ற வண்டியில் மிதவை அறையின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ஜெட் மாற்றியதும் பாரத்தோடு ஓட்டி, பிளக்கைக் கழற்றுங்கள். வெளிர் பழுப்பு நல்லது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் ஜெட் எண்ணை ஒரு படி ஏற்றுங்கள். கரி பிடித்தால் இறக்குங்கள்.

ஏலகிரிக்கு டிரெய்லர் இழுப்பவர்களுக்குக் கணக்கு மாறும். 1,100 மீட்டரில் காற்று பத்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். கார்புரேட்டருக்கு அது தெரியாததால் கலவையில் பெட்ரோல் 5 சதவீதம் கூடிவிடும். ராயபுரத்தில் 130 போட்ட வண்டிக்கு அங்கே 127.5 பொருந்தும்.