இந்தக் கல் ஏன் இந்தக் கல்?

ஒரே அச்சில் அடித்த இரண்டு புது நாணயங்களை மேசைமேல் வையுங்கள். எடை, விட்டம், உலோகம், எழுத்து எல்லாம் ஒன்றுதான், ஆனாலும் அவை இரண்டு. எதனால்?

இடம் வேறு என்று சட்டென்று சொல்லத் தோன்றும். சரி, இரண்டையும் இடம் மாற்றி வையுங்கள், இது அதுவாகிவிடவில்லையே! இடம் நமக்கு அடையாளம் காட்டுகிறது, அவ்வளவுதான்.

13ஆம் நூற்றாண்டில் இதற்குப் பேர்போன பதில் டொமினிக்கன் சபைத் துறவி தாமஸ் அக்வினாஸ் சொன்னது: ஒரே வடிவம் (வெளித்தோற்றம் அல்ல, கல்லைக் கல்லாக்குகிற இயல்பு) சடப்பொருளின் வெவ்வேறு துண்டுகளில், இவ்வளவு நீளம் இவ்வளவு அகலம் என்று அளவுபட்ட துண்டுகளில், இறங்குவதால்தான் பல தனிப்பொருள்கள் உண்டாகின்றன. அப்படியானால் உடலே இல்லாத வானதூதர்கள்? ஒரு தூதர் ஓர் இனம், ஒரே இனத்தில் இரண்டு பேர் இருக்க முடியாது என்றார் அவர். சடப்பொருள் இல்லாமல் கடவுளாலும் ஓர் இனத்தில் பலரைப் படைக்க முடியாது என்ற கூற்று, 1277இல் பாரிஸ் ஆயர் கண்டித்த 219 கூற்றுகளில் ஒன்றாக இடம்பெற்றது.

ஸ்காட்லாந்தில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிஸிலும் பாடம் நடத்தி 1308இல் கொலோனில் இறந்த பிரான்சிஸ்கன் துறவி ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் இந்த விடையின் அடியிலேயே கை வைத்தார். கல் என்ற பொருள் முதலில் இருந்தால்தான் அதற்கு அளவு இருக்கும், பிந்தி வருகிற அளவு முந்தி இருக்கும் கல்லை எப்படித் தனியாக்கும்? எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது.

அவர் சொன்ன விடை இப்படிப் போகிறது. கல்லாக இருப்பது எல்லாக் கற்களுக்கும் பொதுவான இயல்பு. அது தன்னளவில் இந்தக் கல்லுக்கென்றோ அந்தக் கல்லுக்கென்றோ உரியதல்ல. விலங்கு என்ற பொதுவைப் பகுத்தறிவு மனிதனாகக் குறுக்குகிறதல்லவா, அதே மாதிரி மனிதன் என்ற பொதுவை சாக்ரடீஸாகக் குறுக்க ஒன்று வேண்டும். ஆனால் பகுத்தறிவு என்றால் என்னவென்று விளக்கலாம், இதை விளக்க முடியாது, விரல் நீட்டிச் சுட்டலாம். லத்தீனில் 'ஹேக்' என்றால் 'இது'. அதிலிருந்து ஹேக்கெய்தாஸ் என்ற பெயர் வந்தது. தமிழில் 'இதுமை' என்று வைத்துக்கொள்வோமே.

இதுமை கல்லுக்குள் ஒட்டிவைத்த துண்டு அல்ல. இயல்பையும் இதுமையையும் கடவுளாலும் பிரித்தெடுக்க முடியாது, ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல, அந்த வேறுபாடு நம் மனம் கட்டிவிட்டதும் அல்ல. இந்த நடுத்தர வேறுபாட்டை அவர் 'வடிவநிலை வேறுபாடு' என்றார். புரிந்துகொள்ளக் கடினமான இடம் இதுதான். அப்புறம், இந்த வாழ்வில் நம்மால் இதுமையை நேரே அறியவே முடியாது என்றும் சொன்னார்: நிறம், வடிவம், இடம் இவற்றை வைத்துத்தான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிகிறோம், எல்லாம் ஒத்த இரண்டு வெண்மைகள் ஒரே இடத்தில் இருந்தால் கண்ணுக்கு இரண்டென்றே தெரியாது.

அடுத்த தலைமுறையில் அதே பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த வில்லியம் ஓக்கம், பொது இயல்பு என்று வெளியே எதுவுமே இல்லை, இருப்பதெல்லாம் தொடக்கத்திலிருந்தே தனித்தனி, அதைத் தனியாக்க இன்னொன்று எதற்கு என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் யாரும் பார்க்காதபோதும் அந்த இரண்டு நாணயங்களும் ஒத்துத்தானே இருக்கின்றன? அவை தாமாகவே ஒத்திருக்கின்றன என்பதுதான் ஓக்கமின் பதில், எனக்கு அது போதவில்லை.